எஸ்எஸ்டியைத் தாங்கும் தூண் உடைந்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

எம்.2 எஸ்எஸ்டி என்பது கணினியின் தரவைச் சேமிக்கும் ட்ரைவ்; பத்து கிராம்கூடத் தேறாத ஒரு மெல்லிய பலகை. அகலம் 22 மி.மீ., நீளம் பெரும்பாலும் 80 மி.மீ., கனம் வெறும் 0.8 மி.மீ. ஒரு முனை மதர்போர்டின் சாக்கெட்டுக்குள் போய்விடும். மறுமுனையைப் பிடித்திருப்பது ஒரேயொரு குட்டி ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூவுக்கு அடியில் பித்தளையில் குட்டையாக ஒரு தூண் இருக்கும். ஸ்டாண்டாஃப் என்று கேட்டால் தருவார்கள். ஸ்க்ரூ தொலைந்தாலும், மரை தேய்ந்தாலும், தூணே பிடுங்கிக்கொண்டு வந்தாலும் மதர்போர்டையே மாற்றியாக வேண்டும் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான நேரம் அது தேவைப்படுவதில்லை.

ஆனால் கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிப்பவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். அந்தத் தூணுக்கும் ஸ்க்ரூவுக்கும் சேர்த்து இரண்டு வேலை இருக்கிறது. ட்ரைவின் முனையைக் கீழிருந்து சரியான உயரத்தில் தாங்குவது ஒன்று. அது மேலே எழும்பாமல் பிடிப்பது இன்னொன்று. பிடிப்பதற்கு மட்டும் வழி தேடுகிறோம், தாங்குவதை மறந்துவிடுகிறோம். பிடி சற்றே தளர்வாக இருந்தாலும் ட்ரைவ் ஓடும். அடியில் முட்டு இல்லாமல் இழுத்துக் கட்டினால் பலகை வில்லாக வளையும், சில வாரங்களில் கோளாறு வேறு உருவத்தில் வந்து நிற்கும்.

என் அக்கா மகனுடைய கணினியில் இதை நேரிலேயே பார்த்தேன். தூணைத் தொலைத்துவிட்டு, நீளமான ஒரு ஸ்க்ரூவைத் துளைக்குள் நேராக முறுக்கியிருந்தான். மூன்று வாரம் நன்றாக ஓடியது. பிறகு, சூடானால் உறைந்துபோகத் தொடங்கியது. திறந்து, ட்ரைவின் மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலை நெடுக்காக வைத்தேன். நடுவில் முட்டியது, இரண்டு ஓரத்திலும் ஸ்கேலுக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது. கன்ட்ரோலர் சிப்புக்கு அடியில் பொடிப்பொடியான ஈயக் குண்டுமணிகள் வரிசையாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். பலகை வளைந்தால் அவைதான் முதலில் விரிசல் விடும். ஸ்க்ரூவைத் தளர்த்தி, முட்டுக்கொடுத்து, விசிறிக் காற்று நேராகப் படும்படி வைத்து, மூன்று தவணையாகப் படங்களை எல்லாம் பிரதி எடுத்தோம். அதற்குமேல் அந்த ட்ரைவை நம்பி எதையும் வைக்க மனம் வரவில்லை.

## எதையும் தொடும் முன்

ட்ரைவ் இப்போது தெரிகிறதா? தெரிந்தால், ஸ்க்ரூ உள்ளே விழுந்து கிடக்கவில்லையென்றால், இப்போதே, பெட்டி திறந்தபடியே, முக்கியமானவற்றை வேறோர் இடத்துக்குப் பிரதி எடுங்கள். அதுவரைக்கும் முனை நிற்க வேண்டுமே என்றால், காகிதத்தைத் தேவையான கனத்துக்கு மடித்து முனைக்கு அடியில் வையுங்கள். மேலே சூடு தாங்கும் பழுப்பு நிறக் காப்டன் டேப்பை ஒட்டி மதர்போர்டோடு பிடித்துவிடுங்கள். சில மணி நேரத்துக்கு அது போதும். செலோடேப் வேண்டாம், சூட்டில் பிசின் இளகி நழுவும்.

ட்ரைவைக் கழற்றி யுஎஸ்பி உறையில் போட்டுப் படிப்பதாக இருந்தால் இரண்டு விஷயம். எம்.2 ட்ரைவில் என்விஎம்இ, சாட்டா என்று இரண்டு வகை உண்டு; என்விஎம்இ ட்ரைவுக்கு என்விஎம்இ உறைதான் வேண்டும். சாட்டா வகை எம்.2-வுக்கான உறை அதைப் படிக்காது. அடுத்தது, விண்டோஸில் பிட்லாக்கர் என்ற தரவுப் பூட்டு போட்டிருந்தால் வேறு இடத்தில் செருகியதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் ட்ரைவைக் கழற்ற வேண்டும்.

ஷட்டவுன் செய்து, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். லேப்டாப் என்றால் உள்ளே பேட்டரியின் கனெக்டரையும் கழற்ற வேண்டும். பெட்டியின் பெயின்ட் அடிக்காத உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஸ்க்ரூ உள்ளே எங்கோ விழுந்திருந்தால், அது கைக்கு வரும்வரை மின்சாரம் கொடுக்கவே கூடாது. மதர்போர்டுக்கும் பெட்டிக்கும் நடுவே நழுவியிருக்கலாம், கிராபிக்ஸ் கார்டு சாக்கெட்டுக்குள் உட்கார்ந்திருக்கலாம். பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து மெல்லத் தட்டுங்கள். டார்ச்சைத் தரையோடு தரையாக அடித்துப் பாருங்கள். வேறு ஸ்க்ரூ கிடைத்துவிட்டதே என்று தேடலைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

## ட்ரைவின் முனை மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது

இது கோளாறே அல்ல. சாக்கெட்டின் ஸ்பிரிங் அப்படித்தான் 20, 30 டிகிரி சாய்வில் தூக்கிப்பிடிக்கும். விரலால் அழுத்தினால் சமமாகப் படிந்து, முனையிலுள்ள அரைவட்டத் துளை தூணின் மேல் சரியாக உட்கார்ந்தால், போனது ஸ்க்ரூ மட்டும்தான்.

டெஸ்க்டாப் போர்டுகளில் இது பெரும்பாலும் எம்2 அளவு (2 மி.மீ. விட்டமுள்ள ஸ்க்ரூ; எம்.2 என்ற ட்ரைவின் பெயர் வேறு), சுமார் 3 மி.மீ. நீளம், தட்டையான தலை. தேட வேண்டிய முதல் இடம் அதே போர்டில் காலியாக இருக்கும் இரண்டாவது எம்.2 இடம், ஸ்க்ரூ அங்கேயே மாட்டியிருக்கக்கூடும். அடுத்தது, போர்டு வந்த அட்டைப்பெட்டியில் சின்னப் பிளாஸ்டிக் பை. அதுவும் இல்லையென்றால் செத்துப்போன லேப்டாப் ஒன்றின் வைஃபை கார்டு ஸ்க்ரூ.

கிடைத்த ஸ்க்ரூவை முதல் இரண்டு சுற்று விரலாலேயே முறுக்குங்கள். எம்2-வின் மரை இடைவெளி 0.4 மி.மீ., எம்2.5-க்கு 0.45, எம்3-க்கு 0.5. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்தான், ஆனால் விரலுக்குத் தெரிந்துவிடும். தடுக்கினால் அது வேறு அளவு. ஸ்க்ரூடிரைவரால் பலவந்தமாக ஏற்றினால் பித்தளை மரை நசுங்கிவிடும், ஸ்க்ரூ பிரச்சினை தூண் பிரச்சினையாகிவிடும். விரலால் சுற்றும்போதே லொடலொடவென்று ஆடினால் ஸ்க்ரூ சிறியது. சரியாக முறுகியும் தலை ட்ரைவின் மேல் படியாமல் உயர்ந்தே நின்றால் ஸ்க்ரூ நீளம் கூடுதல். தூணின் அடி மூடியிருக்கிறது, ஸ்க்ரூ அங்கே முட்டிவிட்டது.

இறுக்கம் எவ்வளவு? தலை பலகையில் படிந்த பிறகு கால் சுற்று. அதற்குமேல் வேண்டாம்.

## துளை இருக்கிறது, தூண் இல்லை

முதலில் அக்கம்பக்கம் பாருங்கள். ஒரே சாக்கெட்டுக்கு 42, 60, 80, 110 மி.மீ. தூரங்களில் துளைகள் இருக்கலாம். தூண் கழற்றி மாட்டும் வகையாக இருந்தால், யாரோ அதை வேறு துளையில் விட்டிருப்பார்கள். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. 80 மி.மீ. ட்ரைவை மாட்டும்போது 60-இல் தூண் நின்றால், அது ட்ரைவின் வயிற்றுக்கு அடியில் வரும். இரண்டு பக்கமும் சிப்பு உள்ள ட்ரைவாக இருந்தால் அந்த உலோகம் ஏதாவதொரு கூறில் முட்டும். உடனே கழற்றிவிடுங்கள்.

தூண் எங்குமே இல்லையென்றால், நாமே ஒன்றைக் கட்ட வேண்டும். இதுதான் இந்த வேலையின் சாரம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதலில் உயரம் தெரிய வேண்டும். ட்ரைவைச் சாக்கெட்டில் முழுக்கச் செருகுங்கள். சாக்கெட்டுக்குள் போகும் தங்கநிற விரல்கள் (தொடர்புப் பட்டைகள்) வெளியே தெரியக் கூடாது, அல்லது நூல் அளவுக்கு இரண்டு பக்கமும் சமமாகத் தெரிய வேண்டும். பிறகு சாதாரண பிரின்டர் காகிதத்தைச் சின்னத் துண்டுகளாக வெட்டி அடுக்கி முனைக்கு அடியில் வையுங்கள். 80 ஜிஎஸ்எம் காகிதம் ஒன்று கிட்டத்தட்ட 0.1 மி.மீ. கனம். முனையை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டு, கண்ணை மதர்போர்டின் மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். ட்ரைவும் மதர்போர்டும் இரண்டு தண்டவாளம்போல இணையாக ஓட வேண்டும். முனை தாழ்ந்தால் காகிதத்தைக் கூட்டுங்கள், உயர்ந்தால் குறையுங்கள். இணையானதும் எண்ணிப் பாருங்கள்: 25 தாள் என்றால் இரண்டரை மி.மீ. வெர்னியர் இருந்தால் அடுக்கை அப்படியே அளந்துவிடலாம். பக்கத்து எம்.2 தூணின் உயரத்தை அளந்து அதையே இங்கே போடுவது குறுக்குவழிதான். ஆனால் சாக்கெட்டுகளின் உயரம் போர்டுக்குள்ளேயே வேறுபடலாம், எனவே கண்ணால் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

இனி தூண். நான் எப்போதும் நம்புவது எம்3 நைலான் போல்ட்டும் நட்டும். ட்ரைவின் அரைவட்டம் ஏறத்தாழ 3.5 மி.மீ. விட்டம் கொண்டது, எம்3 போல்ட் அதில் இலகுவாக நுழையும். மதர்போர்டைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து போல்ட்டைத் துளை வழியாக மேலே விடுங்கள். முன்பக்கத்தில் ஒரு நட்டை முறுக்கி, போர்டோடு அசையாமல் இறுக்குங்கள். வழக்கமான எம்3 நட்டின் கனம் 2.4 மி.மீ. நீங்கள் அளந்தது இரண்டரை என்றால் அந்த நட்டே தூணாகிவிடும். கூடுதல் உயரம் வேண்டுமென்றால் நட்டின் மேல் மெல்லிய நைலான் வாஷர்களை அடுக்குங்கள். குறைவாக வேண்டுமென்றால் நட்டை உப்புத்தாளில் தேய்த்து மெலியவையுங்கள். நைலான் சட்டென்று தேயும், அடிக்கடி அளந்துகொண்டே தேயுங்கள். அதன் மேல் ட்ரைவை இறக்கி, மேலே இன்னொரு நட்டை விரலால் மட்டும் முறுக்குங்கள். மிஞ்சும் போல்ட்டை நகவெட்டியாலேயே வெட்டிவிடலாம், ஆனால் துண்டு தெறித்து உள்ளே விழாமல் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கத்தில் போல்ட்டின் தலைக்கு இடம் இருக்குமா என்ற சந்தேகம் வரும். டெஸ்க்டாப் பெட்டியில் போர்டுக்கும் தகட்டுக்கும் நடுவே சுமார் 6 மி.மீ. இடைவெளி உண்டு. தலை அதில் பாதிகூட எடுக்காது, அதுவும் நைலான்.

துளையில் பித்தளை வளையம் பதிந்திருந்து எம்3 நுழையவில்லை என்றால், எம்2.5 அல்லது எம்2 நைலான் போல்ட்டை எடுத்து, மேலே சற்று அகன்ற நைலான் வாஷரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மேலே உள்ள சின்ன நட்டு அரைவட்டத்துக்குள் நழுவிவிடக்கூடும்.

நைலான் போட்டால் எர்த் போய்விடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அரைவட்டத்தைச் சுற்றியுள்ள செம்பு வளையம் கிரவுண்டோடு சேர்ந்ததுதான். ஆனால் சாக்கெட்டிலேயே கிரவுண்டுக்கென்று பல பின்கள் இருக்கின்றன. ட்ரைவ் ஓடுவதற்கு அவை போதும். உலோக வாஷரைப் போட்டு அது செம்பு வளையத்தைத் தாண்டிப் பக்கத்துக் கெபாசிட்டரைத் தொடுவதைவிட நைலான் எவ்வளவோ மேல்.

## ஸ்க்ரூ கழலாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது

ஸ்க்ரூவோடு சேர்ந்து தூணும் சுற்றுகிறது. ட்ரைவுக்கு அடியில் டார்ச் அடித்தால் தூணின் அறுகோண உடல் சுழல்வது தெரியும். மெல்லிய மூக்கு உள்ள பிளையரால் அதைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூவைத் திருப்புங்கள். பிளையர் நுழையவில்லையென்றால் தூணையே முழுக்கக் கழலவிடுங்கள். அது ட்ரைவின் முனையில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். ட்ரைவையும் தூணையும் ஒன்றாக வெளியே எடுத்து, மேசைமேல் வைத்துப் பிரிக்கலாம். நெம்பி எடுக்க மட்டும் முயலாதீர்கள்.

தூண் அசையாமல், ஸ்க்ரூ மட்டும் எவ்வளவு சுற்றினாலும் மேலே வரவில்லை என்றால் மரை போய்விட்டது. ஸ்க்ரூவின் தலைக்கு அடியில் பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தைச் செருகி மிக மென்மையாக மேல்நோக்கித் தாங்கிக்கொண்டே சுற்றுங்கள், மிச்சமிருக்கும் மரையைப் பிடித்து ஏறிவிடும். அதற்கப்புறம் அந்தத் தூணை மாற்றத்தான் வேண்டும். மரைக்குள் மெல்லிய டெஃப்லான் டேப் வைத்து ஸ்க்ரூவை ஏற்றினால் சில காலம் நிற்கும். அடுத்த முறை கழற்றினால் நிற்காது.

## ஸ்க்ரூவின் தலை தேய்ந்து ஸ்க்ரூடிரைவர் வழுக்குகிறது

பெரும்பாலும் அளவு தப்பிய ஸ்க்ரூடிரைவரால் வருவது. சரியான முனை தலைக்குள் ஆடாமல் நிற்கும். அகலமான ரப்பர் பேண்டைத் தலைமேல் விரித்து வைத்து அழுத்தித் திருப்பிப் பாருங்கள். இல்லையென்றால் தலையின் விளிம்பைச் சிறிய பிளையரால் கவ்விக்கொண்டு கால் கால் சுற்றாகத் திருப்புங்கள்; முதல் அசைவு வந்துவிட்டால் மீதி சுலபம். டிரில்லிங் மெஷினை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள். பொடிப்பொடி உலோகச் சீவல் எம்.2 சாக்கெட்டில் விழுந்தால், அரை மி.மீ. இடைவெளியில் நிற்கும் பின்களுக்கு நடுவே போய் உட்காரும். அதைத் துடைத்து எடுப்பது ஸ்க்ரூவைக் கழற்றுவதைவிடப் பெரிய வேலை.

## தூண் ஈயத்தோடு பெயர்ந்து வந்துவிட்டது

பற்றவைத்த தூணை வலுவாகத் திருகினாலோ, ட்ரைவைப் பக்கவாட்டில் நெம்பினாலோ இது நடக்கும். பெயர்ந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கிழிந்த செம்புத் தகட்டின் மெல்லிய நாக்கு ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் கூர்மையான கத்தியால் நறுக்கி எடுங்கள். மதர்போர்டு பல அடுக்குகளால் ஆனது. துளையின் சுவரில் உள்ளடுக்குச் செம்பு வெளியே தெரிந்தால் அங்கே உலோகம் எதையும் நுழைக்க வேண்டாம். சுவரில் மெல்லிய எபாக்ஸிப் பசை தடவி மூடி, காயவிட்டு, மேலே சொன்ன நைலான் போல்ட்டுக்குப் போங்கள்.

துளையே இல்லாத, போர்டின் மேற்பரப்பில் மட்டும் பற்றவைத்த தூண்களும் உண்டு. அது பெயர்ந்தால் திரும்ப ஈயம் வைப்பதுதான் முறை. ஆனால் உள்ளே விரிந்திருக்கும் கிரவுண்டுச் செம்பு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், சின்ன சால்டரிங் அயர்னால் ஈயம் உருகாது. ஹாட் ஏர் வசதி உள்ளவரிடம் கொடுங்கள். வீட்டிலேயே முடிக்க வேண்டுமானால் இரண்டு குழாயில் வரும் எபாக்ஸி. இரண்டு பரப்பையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பசையைக் கடுகளவு வைத்துத் தூணை நிறுத்துங்கள். ட்ரைவைத் தற்காலிகமாக மாட்டி இடம் சரியா என்று பார்த்துவிட்டு, ட்ரைவை எடுத்துவிட்டு ஒரு முழு நாள் காயவிடுங்கள். உலோகத்தூள் கலந்த எபாக்ஸி வேண்டாம்.

மற்ற பசைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவசரத்தில் கை அவற்றைத்தான் தேடும். சூப்பர் க்ளூ தண்ணீர்போல ஓடி, இடுக்கில் தானாகவே ஏறும்; சாக்கெட்டின் பின்களை எட்டிவிட்டால் அந்தச் சாக்கெட் போனதுதான். க்ளூ கன் பசை சூட்டில் இளகும். வேலை செய்யும் எஸ்எஸ்டியோ 60, 70 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தொடும். ஸ்பாஞ்சு வைத்த இரட்டை ஒட்டு டேப் அழுத்தத்தில் மெல்ல மெல்ல அமுங்கும், இன்று சரியாக இருந்த உயரம் அடுத்த மாதம் இருக்காது.

சில போர்டுகளில் ஸ்க்ரூவுக்குப் பதிலாக இருக்கும், சுழற்றிப் பூட்டும் பிளாஸ்டிக் கொக்கி முறிந்திருந்தாலும் மருந்து இதே நைலான் போல்ட்தான். முறிந்த கொக்கியின் அடிப்பாகம் போர்டில் நிற்கிறது என்றால், பின்பக்கத்தில் அதன் இரண்டு காதுகளையும் அமுக்கினால் பெரும்பாலும் கழன்றுவிடும்.

## ஸ்க்ரூ முறிந்து தூணுக்குள்ளேயே நிற்கிறது

தூண் கழலும் வகையென்றால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டுங்கள். பற்றவைத்த தூணென்றால் ஒரு நல்ல செய்தி: தாங்கும் வேலையை அது இன்னும் ஒழுங்காகச் செய்கிறது. பிடிக்க மட்டும் வழி கண்டால் போதும். போர்டில் 110 மி.மீ. துளை இருந்தால், அங்கே ஒரு நைலான் போல்ட்டைத் தூணின் அதே உயரத்துக்கு நிறுத்தி, கனமான பிளாஸ்டிக் பட்டை ஒன்றை வெட்டி, ஒரு முனையைப் போல்ட்டிலும் மறுமுனையை ட்ரைவின் ஓரத்தின் மேலும் வைத்து இறுக்கலாம். 80 மி.மீ. ட்ரைவென்றால் 30 மி.மீ. தூரத்தைத் தாண்ட வேண்டிய பட்டை, வளையாத பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். எம்.2-வுக்கு மேலே சூடு தணிக்கும் ஹீட்சிங்க் தகடு ஒன்று தனி ஸ்க்ரூக்களில் நிற்கும் போர்டு என்றால் இன்னும் எளிது. சூட்டைக் கடத்தும் மென்மையான தெர்மல் பேட் வழியாக அந்தத் தகடே ட்ரைவை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஆனால் தூண் இல்லாத போர்டில் தகட்டை மட்டும் நம்பி மாட்டினால், அடியில் முட்டு இல்லாத ட்ரைவைத் தகடு கீழே வளைத்துவிடும்.

## லேப்டாப்பில் தூண் பிய்ந்துவிட்டது

லேப்டாப்பில் பின்பக்கம் இடமே இருக்காது, போல்ட் வேலை பெரும்பாலும் நடக்காது. இங்கே தூண் பல நேரம் மதர்போர்டில் அல்ல, பிளாஸ்டிக் சட்டத்தில் புதைத்த பித்தளை நட்டாக இருக்கும். அது பிடுங்கிக்கொண்டு வந்தால், குழியைச் சுத்தம் செய்து எபாக்ஸியில் திரும்பப் பதிக்கலாம். நட்டுக்குள் பசை போகாமல் ஒரு ஸ்க்ரூவில் எண்ணெய் தடவி மாட்டி வைத்துக்கொள்ளுங்கள், காய்ந்ததும் கழற்றிவிடலாம்.

பதிக்கவும் வழியில்லையென்றால் அடிமூடியைப் பயன்படுத்தலாம். ட்ரைவின் முனைக்கு அடியில் அளந்த உயரத்துக்கு நைலான் வாஷர்களை அடுக்கி எபாக்ஸியால் நிறுத்துங்கள். மேலே மூடிக்கும் ட்ரைவுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று தெரிய வேண்டும். குழந்தைகள் விளையாடும் களிமண்ணைப் பட்டாணி அளவு உருட்டி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ட்ரைவின் முனையில் வைத்து மூடியை முழுக்க மூடித் திறங்கள். நசுங்கிய களிமண்ணின் கனம்தான் இடைவெளி. அதைவிட அரை மி.மீ. கூடுதலான மென்மையான தெர்மல் பேடை அங்கே வைத்து மூடினால் மூடியே ட்ரைவைப் பிடித்துக்கொள்ளும். பேட் கனம் அதிகமாகி மூடி புடைத்தால் குறையுங்கள்.

## ட்ரைவ் ஒரு நேரம் தெரிகிறது, ஒரு நேரம் மறைகிறது

சாக்கெட்டில் தொடர்பு விட்டு விட்டு வருகிறது. மென்பொருளைச் சந்தேகித்து விண்டோஸை மறுபடி நிறுவிப் பார்ப்பதில்தான் பலருக்கு நாள் வீணாகிறது. முதலில் விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறங்கள். எண் 129 என்றால் ட்ரைவ் பதில் சொல்லாததால் ரீசெட் செய்யப்பட்டது. எண் 157 என்றால் ஓடிக்கொண்டிருக்கும்போதே ட்ரைவ் காணாமல் போனது. வீயா லாகர் (WHEA-Logger) என்ற பெயரில் எண் 17 குவிந்திருந்தால், ட்ரைவ் போன்றவற்றை மதர்போர்டோடு சேர்க்கும் பிசிஐஇ இணைப்பில் பிழை வந்து வந்து திருத்தப்படுகிறது என்று பொருள். அதில் சொல்லும் சாதனம் உங்கள் ட்ரைவ் மாட்டிய பாதைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் முறையற்ற ஷட்டவுன் எண்ணிக்கை நீங்கள் ஒழுங்காக அணைத்தும் ஏறிக்கொண்டே போனால் அதுவும் ஒரு துப்பு.

ட்ரைவைக் கழற்றி, தங்கநிற விரல்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சில்லாத துணியால் துடையுங்கள். பென்சில் ரப்பர் முலாமைத் தேய்த்துவிடும். திரும்ப முழுக்கச் செருகி உயரத்தை மறுபடி சரிபாருங்கள். முனை அரை மி.மீ. தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் சாக்கெட்டுக்குள் விரல்கள் சாய்ந்துதான் நிற்கும். சூடானால் மட்டும் மறைகிறது, உயரமும் சரியாக இருக்கிறது என்றால், முட்டுக்கொடுக்காமல் ஓடிய நாட்களில் ட்ரைவே அடிபட்டிருக்கலாம். வேறொரு கணினியில் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதன் இன்னொரு முகம், ட்ரைவ் ஒழுங்காக ஓடியும் வேகம் திடீரென்று பாதியாவது. பிசிஐஇ மூன்றாம் தலைமுறை ட்ரைவ் நான்கு லேனில் (தரவு ஓடும் தடத்தில்) நொடிக்கு 3,500 எம்பி வரை படிக்கும். இரண்டு லேனில் 1,700, ஒரு லேனில் 900-ஐத் தாண்டாது. தொடர்பு சரியில்லாத லேனை விட்டுவிட்டு மீதியில் ஓடுவது பிசிஐஇ-யின் வழக்கம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் இப்போதைய லேன் எண்ணிக்கையும் முடிந்த எண்ணிக்கையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டும் வேறுபட்டால், அந்தச் சாக்கெட்டுக்கே இரண்டு லேன்தானா என்று போர்டின் கையேட்டில் பார்த்துவிட்டு, இல்லையென்றால் கழற்றிச் செருகுங்கள்.

## சாக்கெட்டே உடைந்திருக்கிறது

பிளாஸ்டிக்கின் ஓரம் சில்லு பெயர்ந்து, பின்கள் எல்லாம் நேராக நின்றால், முனையை நன்றாகத் தாங்கிப் பிடித்து ஓட்டலாம். ஒரே ஒரு பின் லேசாக வளைந்திருந்தால் பூதக்கண்ணாடியும் தையல் ஊசியும் வைத்து நிமிர்த்த முடியும். கை நடுங்காத ஒருவர் செய்ய வேண்டும். செய்த பிறகு மல்டிமீட்டரில் 3.3 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஷார்ட் இல்லை என்று பார்க்காமல் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

பின்கள் பல முறிந்திருந்தால் அந்தச் சாக்கெட்டை விட்டுவிடுங்கள், அதற்கு ஒட்டுவேலை கிடையாது. எம்.2 ட்ரைவைத் தாங்கி பிசிஐஇ சாக்கெட்டில் உட்காரும் அடாப்டர் கார்டு சின்ன விலையில் கிடைக்கிறது. அதில் தூண், ஸ்க்ரூ எல்லாமே புதிது. பயாஸ் என்விஎம்இ-யை அறிந்திருந்தால் கணினி அதிலிருந்தே தொடங்கவும் செய்யும். உண்மையில், மேலே சொன்ன எந்தத் தூண் வேலையும் கைகூடவில்லை என்றாலும் இதுதான் நல்ல வழி.

## சாட்டா போர்ட்டின் நாக்கு உடைந்துவிட்டது

இது எம்.2 அல்ல, கேபிளில் மாட்டும் சாட்டா ட்ரைவின் கதை. மதர்போர்டு பக்கம் உடைந்தால் அடுத்த போர்ட்டுக்கு மாறுங்கள், விஷயம் முடிந்தது. ஆனால் சில போர்டுகளில் எம்.2 ட்ரைவ் மாட்டியதும் குறிப்பிட்ட சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும். மாறிய போர்ட் வேலை செய்யாவிட்டால் அதையும் கையேட்டில் பாருங்கள். ட்ரைவின் பக்கம் எல் வடிவ நாக்கு முறிந்தால், துண்டு பெரும்பாலும் கேபிளின் தலைக்குள்தான் மாட்டியிருக்கும். அதை எடுக்காதீர்கள். பின்கள் நேராக இருந்தால், துண்டோடு சேர்ந்த கேபிளை நேராகச் செருகி, அசையாமல் டேப்பால் கட்டி, தரவைப் பிரதி எடுத்துவிடலாம். ஸ்மார்ட் விவரத்தில் 199 என்ற சிஆர்சி எண் (கேபிள் வழியில் வந்த பிழைகளின் எண்ணிக்கை) பிரதி எடுக்கும்போது ஏறினால் கேபிள் ஆடுகிறது. நிறுத்தி, மறுபடி கட்டித் தொடருங்கள்.

## எல்லாம் மாட்டியாயிற்று, கணினி உயிர்பெறவே இல்லை

விசிறி ஒருமுறை துடித்து நின்றுவிடுகிறது என்றால் எங்கோ ஷார்ட். திரும்பத் திரும்ப பவர் பட்டனை அழுத்தாதீர்கள். மின்கம்பியைப் பிடுங்கி, ட்ரைவைக் கழற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். இப்போது ஓடினால் குற்றம் ட்ரைவுக்கு அடியில்: பழைய தூண் 60-இல் நிற்கிறதா, உலோக வாஷர் நகர்ந்ததா, பெயர்ந்த செம்பு நாக்கு எதையாவது தொடுகிறதா என்று பாருங்கள். ட்ரைவ் இல்லாமலும் ஓடவில்லை என்றால் போர்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, அட்டையின் மேல் வைத்து ஓட்டிப் பாருங்கள். வெளியே ஓடுகிறது, பெட்டிக்குள் ஓடவில்லை என்றால், தொலைந்த அந்த ஸ்க்ரூ இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது.